மைதானத்துச் சாவி



எனக்கு முன் இந்த மேடையில் பேசியவர்கள் இலக்கியம் கற்றவர்கள், கல்வெட்டு படித்தவர்கள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டபிறகு எங்கே போகிறார்கள், அவர்களுக்கு ஊரில் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேச முடியுமா என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. வேலையில் இருந்த நாளெல்லாம் நான் யோசித்தது அந்த ஒன்றைத்தான்.

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். நான்கேகாலுக்கு மணி அடிக்கும். நான்கரைக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். பள்ளிக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மைதானம். ஓரத்தில் வேப்பமரம், அதைச் சுற்றி ஒரு திண்டு. பகலில் அந்த மைதானம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ வாங்கிக்கொள்வார்கள். கேட்டால் பொதுத்தேர்வு என்பார்கள். சரி, பள்ளி விட்டபிறகாவது விளையாடட்டும் என்றால் பூட்டு. மதிலேறிக் குதித்து உள்ளே போகப் பையன்களால் முடியும். போனார்கள். பெண்பிள்ளைகள் குதிப்பார்களா?

அப்போதிருந்த தலைமையாசிரியரிடம் மைதானத்துச் சாவியைக் கேட்டேன். ஏழு மணி வரை நான் இருக்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று முதலில் தயங்கினார். இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார். நூல் கட்டிய ஒரே ஒரு பித்தளைச் சாவி.

முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு முப்பது பேர். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால்டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, அவர்களே கோடு இழுப்பார்கள். இரண்டு கோ-கோ கம்பம், ஒரு த்ரோபால் வலை, நான்கைந்து டென்னிகாய்ட் வளையம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், தினமும் இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு வருவாள். அம்மா நடவுக்கோ களையெடுப்புக்கோ போய் இருட்டித்தான் திரும்புவார். அதுவரை தம்பி இவள் பொறுப்பு. முதல் நாள் அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "டீச்சர், தம்பியோட வரலாமா?" அவனை வேப்பமரத்துத் திண்டில் உட்கார வைத்து, கையில் ஒரு டென்னிகாய்ட் வளையத்தைக் கொடுத்துவிட்டு விளையாட வருவாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கண் அங்கே போகும். வளர்ந்த பிள்ளைகளுக்கு இடம் அமைக்கிறோம் என்று சொல்பவர்கள், அந்தப் பிள்ளையின் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இன்னொருத்தி விளையாடவே மாட்டாள். வருவாள், திண்டில் உட்காருவாள், பேசுவாள், சில நாள் பேசாமலும் இருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருமுறை, "சும்மா உட்காரத்தான் வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். "வீட்ல சும்மா உட்கார முடியாது டீச்சர்" என்றாள். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு பெண் யாருக்கும் வேலை செய்யாமல், யார் கேள்விக்கும் பதில் சொல்லாமல் ஒருமணி நேரம் உட்கார நம் ஊர்களில் இடம் கிடையாது. பையன்களுக்கு டீக்கடை பெஞ்சு உண்டு, மதகு உண்டு, பஸ் ஸ்டாப் உண்டு, கோயில் மண்டபம் உண்டு. பெண்ணுக்கு வீடு, வீட்டை விட்டால் டியூஷன்.

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றது. அதன் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலைவாழ்வில் பங்கும் பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை என்று சொல்கிறது. ஓய்வு என்ற சொல் அதில் முதலிலேயே வருகிறது. நாமோ வளரும் பிள்ளைக்கு இடம் என்றதும் படிக்கிற இடத்தைத்தான் கட்டுகிறோம். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களுக்குப் படிப்பகங்கள் வந்திருக்கின்றன. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற நல்ல கட்டடங்களும் வந்திருக்கின்றன. அவை வேண்டும், இன்னும் பெருகவேண்டும். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அங்கே போய்ச் சத்தமாகச் சிரிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு ஒருமணி நேரம்கூட உடலை அசைத்து இயங்குவதில்லை. பையன்களில் 78, பெண்பிள்ளைகளில் 85. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனை விட்டு நகர்வதில்லை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். செல்போன் பூட்டாத மைதானம். எந்த நேரத்திலும் திறந்திருக்கிறது, தோழிகள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள், அப்பாவின் அனுமதி வாங்கி பஸ் ஏறிப் போகவேண்டியதில்லை. அதற்கு ஈடாகத் திறந்த ஒரு கதவைக் காட்டாமல் செல்போனைப் பிடுங்குவது முறையல்ல.

வளரிளம் பருவத்தார் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் ஐஸ்லாந்தைச் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் நின்று பார்த்துச் சொல்கிறேன். 1998-இல் அந்த நாட்டில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர், முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும்வரை குடித்ததாக ஆய்வில் சொன்னார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. தினமும் புகைபிடிப்பவர்கள் 23-இலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தார்கள். வெறும் அறிவுரையில் நடந்ததல்ல இது. பள்ளி பள்ளியாகப் பிள்ளைகளிடமே கேட்டார்கள். கேட்டதைச் சில மாதங்களுக்குள் அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் அரசு பணம் கூட்டியது. ரெய்க்யவிக் நகரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓய்வுநேர அட்டை ஒன்றைக் கொடுத்தது. பிள்ளை விரும்பிச் சேரும் விளையாட்டுக்கோ இசை வகுப்புக்கோ அந்த அட்டையின் கணக்கில் நகராட்சி கட்டணம் செலுத்தும். 2016-இல் அது ஆண்டுக்கு 35,000 குரோனர் வரை இருந்தது. வாரம் நான்கு முறையாவது பயிற்சியோடு விளையாடுபவர்கள் 1997-இல் 24 விழுக்காடு, 2012-இல் 42.

அதோடு ஒரு சட்டமும் வந்தது. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும், கோடையில் நள்ளிரவுக்குப் பிறகும் வெளியே சுற்றக்கூடாது. ஐஸ்லாந்தை நமக்கு எடுத்துச் சொல்பவர்களில் சிலர் இந்தச் சட்டத்தை மட்டும் மிகவும் விரும்புகிறார்கள். அவர்களுக்கு நான் பணிவோடு ஒன்று சொல்லவேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கே இருக்கிறது. பெரியவளான நாளிலிருந்து இருக்கிறது. ஓய்வுநேர அட்டைதான் வரவில்லை.

அட்டை இல்லாத இடங்களில் ஏழை எளியவர்கள் தாமாகவே கதவு திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வடசென்னை சாட்சி. ஒரு கேரம் போர்டின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம். பத்துக்குப் பத்து அறையில் ஒரு போர்டைப் போட்டு மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் நான்கு பிள்ளைகளுக்கு இடமாயிற்று. சுற்றி நின்று பார்க்க இன்னும் பத்துப் பேர். தெருவுக்குத் தெரு கேரம் கிளப் இருந்த மண் அது. வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டிக்கொண்டே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சி மையம் நடத்தியவர். பதக்கம் பெரியதுதான். பதக்கம் வாங்காத பிள்ளைகள் அந்த அறைகளில் எத்தனை மாலைகள் உட்கார்ந்திருப்பார்கள், அந்த மாலைகளில் வேறெங்கே போயிருப்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடுவது.

அதே 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுப்பது, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிப்பது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதற்கு நன்றி சொல்கிறேன். இருந்தாலும் அந்த எண்ணம் எப்படி வந்தது என்பதை யோசிக்கவேண்டும். திடலைப் பராமரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்குப் பணம் வேண்டும். கட்டுவதற்கு நிதி ஒதுக்கும்போதே, திறந்து வைப்பவருக்கும் ஒதுக்காமல் விட்டால், கடைசியில் வியாசர்பாடிப் பையனின் சட்டைப்பையில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

கிராமங்களில் நடந்ததும் இதுதான். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 ஊராட்சிகள் என்று ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளிலும் வேலை நடந்தது. ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய். நூலகக் கட்டடமும் விளையாட்டுத் திடலும் அதில் வந்தன. உலகில் எத்தனை நாடுகளில் இப்படி ஊருக்கு ஊர் நூலகமும் திடலும் கட்டியிருப்பார்கள்? எனக்கு இன்றும் அதை நினைத்தால் பெருமைதான். ஆனால் நான் போய்ப் பார்த்த திடல்கள் பலவற்றில் சீமைக்கருவேல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. நூலகங்களைத் திறந்து மூடச் சொற்ப மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் வந்தன. பந்தும் மட்டையும் வலையும் தரமானவை. நான் பார்த்த சில ஊராட்சிகளில் அவை பீரோவுக்குள் இருக்கின்றன. வெளியே எடுத்தால் தொலைந்துவிடும், தணிக்கையில் கேட்பார்கள் என்கிறார்கள். தொலைந்த பந்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற பயம் இருக்கும்வரை பந்து வெளியே வராது. தேய்ந்து கிழிந்த பந்துதான் திட்டம் நன்றாக நடந்ததற்கு அடையாளம் என்று தணிக்கைத் துறையே ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நல்லது. இதை மனமாரச் சொல்கிறேன்.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2021 அக்டோபர் 27-ஆம் நாள் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு இரண்டு லட்சம் அளவில் தன்னார்வலர்கள் திரண்டார்கள், பெரும்பாலும் பெண்கள். திண்ணையில், மரத்தடியில், கோயில் வாசலில், மாலை ஐந்து மணிக்குப் பிறகு. புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு அந்தத் திட்டம் எல்லை போட்டுக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பில்தான் மீசை முளைக்கிறது, வீட்டில் பேச்சு குறைகிறது, பெண் வாசலுக்கு வருவது குறைகிறது. எந்த வயதில் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி மாலைதோறும் வேண்டுமோ, அந்த வயதுக்கு ஒருவரும் இல்லை.

ஆள் என்றதும் நினைவுக்கு வருவது, நம் பகுதிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பழைய செய்தி. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத் தந்தை ரங்கநாதனின் ஆசியோடு நடந்தது அது. வண்டி என்றால் வண்டியோட்டி இருந்தே ஆகவேண்டும். கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போகலாம். மாடு பூட்டிய வண்டியை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த வண்டி ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைப்பேன்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. சொல்லாமல் விட முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியதில் உடன்படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டிக் கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. கயிற்றைப் பள்ளியில் அவிழ்த்துவிடலாம். மாலையில் அதைக் கட்டிவிடுபவர் யார்? பதினைந்து வயதுப் பையனுக்கு மாலை ஆறு மணிக்கு உட்கார இடமும், கையில் ஒரு வேலையும், "வா தம்பி" என்று தோளில் கைபோட ஓர் அண்ணனும் வேண்டும். அந்த மூன்றையும் பல ஊர்களில் சாதிச் சங்கம்தான் தருகிறது. பிளெக்ஸ் கட்டச் சொல்கிறது, கொடை விழாவில் பொறுப்பு தருகிறது, பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகிறது. நாம் பூட்டி வைத்த நேரத்தில் அவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பொது இடம் எங்கே அமைகிறது என்பதும் முக்கியம். ஊர்த் தெருவுக்கு நடுவில் இருக்கும் மன்றத்துக்குக் காலனிப் பிள்ளை வரமாட்டான். வந்தாலும் ஓரமாக நிற்பான். எங்கள் பள்ளி மைதானம் இரண்டுக்கும் நடுவில், வயலை ஒட்டி இருந்தது. அணி பிரிக்கும்போது தெரு பார்த்துப் பிரியவிடமாட்டேன். வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். ஒன்றெல்லாம் ஒரு பக்கம், இரண்டெல்லாம் ஒரு பக்கம். கோ-கோவில் முதுகில் தட்டித்தான் "கோ" சொல்லவேண்டும், தொடாமல் ஆட முடியாது. முதல் மாதத்தில் சில பிள்ளைகள் தட்டாமலே "கோ" சொல்லிவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் விசில் அடித்துத் தவறு என்றேன். ஏன் தவறு என்று யாருக்கும் விளக்கவில்லை. ஆட்டத்தின் விதி என்று மட்டும் சொன்னேன். பொங்கலுக்குள் அது நின்றுவிட்டது. அந்த மைதானத்தை விட்டு வெளியே போனதும் என்ன ஆயிற்று என்பதற்கு நான் உறுதி தரமாட்டேன். ஏழு மணி வரை நின்றிருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் பணி ஓய்வு பெற்ற அன்று அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் நான்கரைக்குக் கேட் பூட்டப்பட்டது. பிள்ளைகள் ஒரு வாரம் வந்து வெளியே நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அது என் தவறும்தான். பதினான்கு ஆண்டுகளில் இன்னொருவர் கையில் அந்தச் சாவியைப் பழக்கியிருக்கவேண்டும். என் நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை ஒரு பதவியாக, ஒரு சம்பளமாக, ஓர் அரசாணையாக மாற்றப் போராடியிருக்கவேண்டும். செய்யவில்லை. அதனால்தான் இந்த வயதில் மேடை மேடையாக ஏறிக் கேட்கிறேன்: ஊராட்சிதோறும் மாலை ஐந்து முதல் எட்டு வரை ஒருவர், முடிந்தால் ஒரு பெண், மாதச் சம்பளத்தோடு. பள்ளி மைதானமும் ஊராட்சி நூலகமும் அவர் பொறுப்பில். விளக்கு, குடிநீர், கதவு மூடும் கழிப்பறை. பாடம் நடத்தவேண்டாம், தேர்வு வைக்கவேண்டாம், வருகைப் பதிவேடும் வேண்டாம்.

போன ஆண்டு மே 1 கிராம சபைக் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் போயிருந்தேன். குடிநீரும் நூறுநாள் வேலையும் பேசி முடிந்தபிறகு எழுந்து, நம் நூலகக் கட்டடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஊராட்சிச் செயலர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் டேங்க் ஆபரேட்டர் வீட்டு ஆணியில் தொங்குவதாகத் தெரிந்தது. அன்றே போய்த் திறந்தோம். பிளீச்சிங் பவுடர் மூட்டை ஏழு, புகைமருந்து அடிக்கும் இயந்திரம் ஒன்று, கால் ஒடிந்த நாற்காலிகள், சுவரோரமாக ஈரம் ஏறிய புத்தகங்கள். மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. புத்தகங்களைப் பிள்ளைகள் வெயிலில் பரப்பி, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தார்கள். பாதி தேறியது.

இப்போது வாரத்தில் நான்கு நாள் திறக்கிறோம். என்னிடம் கோ-கோ ஆடிய பெண் ஒருத்தி, அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், இரண்டு நாள் வருகிறாள். மற்ற இரண்டு நாள் நான். ஒரு கேரம் போர்டு, வாசலில் ஒரு த்ரோபால் வலை. சும்மா உட்காருபவர்களுக்குப் பின்பக்கத்துத் திண்ணை. சாவி நகல் மூன்று எடுத்திருக்கிறோம்.

அங்கே கழிப்பறை இல்லை. பெண்பிள்ளைகள் ஆறரைக்கே கிளம்பிவிடுவதற்குக் காரணம் இருட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்லித்தான் உண்மைக் காரணம் தெரிந்தது. அக்டோபர் 2 கிராம சபைக்கு அவர்களே மனு எழுதினார்கள், நோட்டுப் புத்தகத் தாளில், ஒன்றரைப் பக்கம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத வயது என்பதால் கையெழுத்தை அம்மாக்கள் போட்டார்கள். பதினேழு கையெழுத்து, இரண்டு கைநாட்டு. தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஜனவரி 26 கூட்டத்தில் அது என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறோம்.